திசை தெரியாத ஆண்டுகள்

உணவுக்கும் உடைக்கும் குறைவில்லாமல், செய்யும் வேலையிலும் வெளிப்படையான தடையேதுமில்லாமல் இருக்கும்போதே, அதுவரை பொருள் தந்துகொண்டிருந்த படிப்பு, தொழில், உறவு, வழிபாடு ஆகிய அனைத்தும் ஒருவருக்கு வெறுமையாகத் தோன்றத் தொடங்கி, இவற்றையெல்லாம் எதற்காகச் செய்கிறோம் என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் போகும் நிலையை உளவியலாளர்கள் ‘இருத்தலியல் நெருக்கடி’ என்று குறிப்பிடுகின்றனர். இது நோயின் பெயர் அன்று. மருத்துவர்கள் பயன்படுத்தும் நோய்ப்பட்டியல்களில் இதற்குத் தனியிடம் இல்லை. அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலோம் 1980-ல் வெளியிட்ட நூலில், மனிதர் எவரும் தப்ப முடியாத நான்கு உண்மைகளை எதிர்கொள்ளும்போது இந்தக் கலக்கம் எழுகிறது என்றார்: சாவு உறுதி என்பது, தன் முடிவுகளுக்குத் தானே பொறுப்பு என்பது, எத்தனை உறவினர் சூழ்ந்திருந்தாலும் தன் அனுபவத்தைத் தனியாகவே சுமக்க வேண்டும் என்பது, வாழ்வுக்கு முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட பொருள் எதுவும் இல்லை என்பது. இவற்றுள் இரண்டாவதாகிய சுதந்திரத்தின் சுமைதான் இந்த அத்தியாயத்தின் களம். ஏனெனில் நெருக்கடியில் இருப்பவர் தத்துவ விடைக்காக மட்டும் காத்திருப்பதில்லை, வேலையை விடுவதா தொடர்வதா, ஊரில் இருப்பதா வெளியேறுவதா, மணம் செய்வதா தள்ளிப்போடுவதா என்ற கேள்விகளுக்கும் அதே மனநிலையில் இருந்துகொண்டே முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது.

கொங்குப் பகுதியில் பெருந்துறை போன்ற ஊர்களில் இந்தச் சுமைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. கீழ்பவானி வாய்க்கால் 1950-களில் வந்து சேரும்வரை மானாவாரிக் காடும் மேய்ச்சலும் கைத்தறியும் மட்டுமே தெரிந்திருந்த இந்த வட்டாரத்தில், ஒரு மனிதர் என்ன ஆவார் என்பது அவர் பிறந்த வீட்டிலேயே பெரும்பாலும் முடிவாகிவிட்டது. சென்னிமலையில் தறி வீட்டில் பிறந்தவர் தறியில் அமர்ந்தார், தோட்டத்து வீட்டில் பிறந்தவர் ஏர் பிடித்தார். பிறகு வாய்க்கால் பாசனம், 1984-ல் தொடங்கிய கொங்கு பொறியியல் கல்லூரி, சிப்காட் தொழில் வளாகம், பழைய காசநோய் சானடோரியத்தின் இடத்தில் வளர்ந்த மருத்துவக் கல்லூரி, அருகிலேயே திருப்பூரின் பின்னலாடைத் தொழில் என்று இரண்டு தலைமுறைக்குள் வழிகள் பெருகின. ஆனால் வழிகள் பெருகிய வேகத்தில் வழியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வளரவில்லை. தாத்தாவுக்குத் தேர்வே இருக்கவில்லை. பேரனுக்குத் தேர்வுகள் இருந்தும், பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் எந்தப் பிரிவு, எந்த விடுதிப் பள்ளி, எந்தக் கல்லூரி என்பதைக் குடும்பமும் மதிப்பெண்ணும் சேர்ந்து முடிவு செய்துவிடுகின்றன. நாமக்கல் முதல் ஈரோடு வரை பரவிய விடுதிப் பள்ளிகளை மக்களே ‘பிராய்லர் பள்ளி’ என்று கேலியாகக் குறிப்பிடுவதில் ஒரு கூர்மையான சமூக அவதானிப்பு அடங்கியிருக்கிறது.

இந்த நிலையை விளக்குவதற்கு உளவியலில் ஏற்கெனவே ஒரு நல்ல கருவி இருக்கிறது. வளர்ச்சி உளவியலாளர் எரிக் எரிக்சன், இளமையின் மையப்பணி ‘நான் யார்’ என்பதற்கு ஓர் ஏற்கத்தக்க விடையை உருவாக்கிக்கொள்வதே என்றும், அதற்காகச் சமூகம் இளைஞர்களுக்குப் பொறுப்புகளிலிருந்து சிறிது விலக்கு அளித்துப் பல வேடங்களைப் போட்டுப் பார்க்க விடுகிறது என்றும் கூறி, அந்த இடைக்காலத்துக்குக் கடன் வசூலை ஒத்திவைப்பதைக் குறிக்கும் ‘மொரட்டோரியம்’ என்ற சொல்லையே எடுத்தாண்டார். (எரிக்சனே கல்லூரிப் பட்டம் பெறாமல், ஓவியராக ஐரோப்பாவெங்கும் சுற்றித் திரிந்தபின் வியன்னாவில் ஒரு சிறு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து உளவியலுக்குள் வந்தவர்.) 1966-ல் ஜேம்ஸ் மார்சியா இந்தக் கருத்தை அளக்கத்தக்கதாக மாற்றினார். ஒருவர் மாற்று வழிகளை ஆராய்ந்து பார்த்தாரா, ஏதேனும் ஒன்றில் உறுதியாக நிலைகொண்டாரா என்ற இரு கேள்விகளைக் கேட்டு, நான்கு நிலைகளை அவர் வகுத்தார். ஆராயவும் இல்லை, நிலைகொள்ளவும் இல்லை என்றால் அது அடையாளச் சிதறல். ஆராய்ந்துகொண்டிருக்கிறார், இன்னும் நிலைகொள்ளவில்லை என்றால் அது ஒத்திவைப்புக் காலம். ஆராய்ந்து நிலைகொண்டால் அடையாளம் எய்திய நிலை. நான்காவது நிலைதான் கொங்குப் பகுதிக்கு முக்கியமானது. ஆராயாமலேயே, பெற்றோரோ ஊரோ கையில் கொடுத்ததை ஏற்று நிலைகொண்டுவிடும் இந்த நிலையை ‘முன்னரே மூடப்பட்ட அடையாளம்’ எனலாம். இந்த நிலையில் இருப்பவர்கள் துன்பப்படுவதாகவே தெரிவதில்லை; பதற்றம் குறைவாகவும் நடத்தை ஒழுங்காகவும் இருப்பதால் வீட்டார் மகிழ்கின்றனர். மூடிய கதவு பிற்காலத்தில், வேலை போகும்போதோ, மணவாழ்வு முறியும்போதோ, தந்தை இறக்கும்போதோ திறந்துகொள்ளும்போதுதான், பதினெட்டு வயதில் எழுந்திருக்க வேண்டிய கேள்விகள் முப்பத்தைந்து வயதில், கடனும் குழந்தைகளும் இருக்கும் நேரத்தில், ஒட்டுமொத்தமாக எழுகின்றன.

பெருந்துறைக்கு அண்மையில், ஈரோட்டிலேயே, இத்தகைய கதவுத் திறப்பின் புகழ்பெற்ற வரலாறு ஒன்று இருக்கிறது. 1879 செப்டம்பர் 17 அன்று செல்வவளம் மிக்க வணிகக் குடும்பத்தில் பிறந்த ஈ.வெ. இராமசாமி, சில ஆண்டுகளே பள்ளிக்குச் சென்று, பன்னிரண்டு வயதையொட்டித் தந்தை வெங்கடப்ப நாயக்கரின் மண்டியில் அமர்ந்து, பத்தொன்பது வயதில் நாகம்மையை மணந்தார். மார்சியாவின் சொற்களில் சொன்னால் அவருடையது முற்றிலும் முன்னரே மூடப்பட்ட அடையாளம்: தொழில், சமயம், துணை ஆகிய மூன்றும் வீட்டாரால் அளிக்கப்பட்டவை. பிறந்த பெண்குழந்தை ஐந்து மாதத்தில் இறந்தது. 1904-ல் தந்தையுடன் ஏற்பட்ட கடும் மனத்தாங்கலைத் தொடர்ந்து, இருபத்தைந்து வயதையொட்டிய நிலையில், அவர் துறவு மனநிலையுடன் வீட்டை விட்டுக் காசிக்குச் சென்றார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அங்கே சத்திரங்களில் பிராமணருக்கு மட்டுமே உணவு என்ற நிலையில் பட்டினி கிடந்து, எச்சில் இலைகளில் மிஞ்சியதை உண்ணும் அளவுக்குத் தாழ்ந்து, ஒரு மடத்தில் பூசைக்கு வில்வம் பறித்துக் கொடுக்கும் வேலை செய்து, கடைசியில் காசியை விட்டுக் கிளம்பி ஆந்திரத்தின் ஏலூரில் தங்கியிருந்தபோது, தந்தை தேடி வந்து அவரை ஈரோட்டுக்கு அழைத்துச் சென்றார்.

இந்த நிகழ்வு பெரும்பாலும் சொல்லப்படும் முறை எல்லோருக்கும் தெரிந்ததே: காசியில் கண்ட அநீதி ஓர் இளைஞரின் கண்ணைத் திறந்தது, அங்கேயே ஒரு பகுத்தறிவாளர் பிறந்தார். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நிகழ்ந்தது இவ்வளவு நேர்த்தியாக இல்லை. திரும்பி வந்தவர் மீண்டும் அதே மண்டியில் அமர்ந்தார். தந்தை கடையை அவர் பெயருக்கே மாற்றிக் கொடுத்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வணிகம், பிளேக் காலத்தில் ஊரில் செய்த தொண்டு, ஈரோடு நகராட்சித் தலைமை, பல பொது அமைப்புகளின் பொறுப்புகள் என்று அவர் வாழ்வு நகர்ந்தது. அவற்றுள் ஒன்று, அவருடைய பிற்காலத்தை அறிந்தவர் வியக்கத்தக்க வகையில், தேவஸ்தானக் கமிட்டியின் தலைமை. காங்கிரஸில் அவர் இணைந்தது 1919-ல். வைக்கம் போராட்டம் 1924-ல். ‘குடி அரசு’ இதழைத் தொடங்கியதும் காங்கிரஸை விட்டு வெளியேறியதும் 1925-ல். காசியில் தொடங்கிய கேள்விக்கும் சுயமரியாதை இயக்கத்துக்கும் இடையே இருபத்தோர் ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த இருபத்தோர் ஆண்டுகளின் கணக்குப் புத்தகங்களும் நகராட்சிக் கூட்டங்களும் இல்லாமல், காசிப் பட்டினி மட்டும் அந்த இயக்கத்தை உருவாக்கியிருக்கும் என்று கருதுவதற்கு ஆதாரம் இல்லை. நெருக்கடி அவருக்குத் திசை கொடுக்கவில்லை. துறவு என்ற ஒரு திசையை இல்லாமலாக்கியது.

அமெரிக்க உளவியலின் தந்தை எனப்படும் வில்லியம் ஜேம்ஸின் வாழ்விலும் இதே கால இடைவெளி இருப்பது கவனிக்கத்தக்கது. ஓவியம், வேதியியல், மருத்துவம் என்று மாறிமாறிப் பயின்று 1869-ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், மருத்துவராகத் தொழில் செய்ய விருப்பமின்றி, முதுகுவலியும் கண்வலியும் தற்கொலை எண்ணமும் வாட்ட, மனித விருப்புறுதி என்பதே ஒரு மாயையோ என்ற ஐயத்தில் ஆழ்ந்திருந்தார். 1870 ஏப்ரல் இறுதியில், பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனூவியேவின் கட்டுரையைப் படித்தபின், விருப்புறுதி உண்மையே என்று தாம் நம்பப்போவதாக நாட்குறிப்பில் எழுதினார். அந்தக் குறிப்பில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி, அந்த நம்பிக்கைக்கு அவர் ஒரு கெடு வைத்தார் என்பது: அடுத்த ஆண்டு வரை இப்படி வைத்துக்கொள்வோம் என்பதே அவருடைய தீர்மானம். அது மெய்யியல் விடை அன்று, சோதனை ஓட்டம். 1873-ல் ஹார்வர்டில் உடலியல் கற்பிக்கும் சாதாரண வேலையை அவர் தொடங்கினார். அங்கிருந்து உளவியலுக்கு நகர்ந்தார். அவருடைய பெருநூலான ‘உளவியலின் கோட்பாடுகள்’ 1890-ல் வெளிவந்தது. இங்கும் இருபது ஆண்டுகள்.

வாழ்வின் நடுவே இருக்கும்போது தெரியாத திருப்புமுனை, முடிந்தபின் சொல்லும்போது மட்டும் தெளிவாகத் தெரிவது ஏன் என்பதற்கு உளவியலாளர் டான் மக்காடம்ஸ் முன்வைத்த ‘கதையாகிய அடையாளம்’ என்ற கருத்து உதவுகிறது. வளர்ந்த மனிதர் தம் கடந்தகாலத்தை ஒரு தொடர்கதையாக மீண்டும் மீண்டும் திருத்தி எழுதிக்கொள்கிறார். அந்தக் கதையில் துன்பமான ஒரு நிகழ்வைப் பின்னர் வந்த நன்மைக்குக் காரணமாக வைப்பது மனநலத்துக்கு உதவும் ஒரு வழக்கம். இதில் தவறில்லை. ஆனால் பிறர் வாழ்க்கை வரலாறுகளை இப்படிப்பட்ட திருத்திய வடிவத்தில் படிக்கும் இளைஞர், தம் நெருக்கடியும் உடனடியாக ஒரு பெரிய விடையைத் தந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அது வராதபோது தம்மிடம்தான் குறை என்று முடிவு கட்டுகிறார். வெற்றி பெற்றவர்களின் மேடைப் பேச்சுகள் இந்த எதிர்பார்ப்பைக் கல்லூரிதோறும் வளர்த்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே அறிவியல் கேட்க வேண்டிய கேள்வி, விடை தெரியாத அந்த ஆண்டுகளை எப்படிக் கடப்பது என்பதே. இதில் முதலாவதாகத் தெரியவந்திருப்பது, கேள்வியையே ஓயாமல் உருட்டிக்கொண்டிருப்பது உதவாது என்பது. 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில் பெரும் நிலநடுக்கம் ஏற்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்பு, ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனநிலையையும், துயரம் வரும்போது அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தையும் சூசன் நோலன்-ஹோக்செமா தற்செயலாக அளந்து வைத்திருந்தார். நடுக்கத்துக்குப் பிறகு அளந்தபோது, ‘எனக்கு ஏன் இப்படி’ என்று துயரத்தையே அசைபோடும் பழக்கம் முன்பே உடையவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அசைபோடுவோருக்குத் தாம் ஆழ்ந்து சிந்திப்பதாகவே தோன்றும். உண்மையில் ஒரே சிந்தனை மீண்டும் மீண்டும் வருகிறதே தவிர, முன்னே நகர்வதில்லை.

அப்படியானால் சிந்திக்காமலே இருந்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. சிந்திக்கும் இடத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. இகோர் கிராஸ்மனும் ஈத்தன் கிராஸும் 2014-ல் வெளியிட்ட ஆய்வுகளில், மனிதர் நண்பரின் சிக்கலைப் பற்றி யோசிக்கும்போது காட்டும் நிதானத்தைத் தம் சொந்தச் சிக்கலில் காட்டுவதில்லை என்று கண்டனர். பிறருக்கு நல்ல தீர்ப்பு வழங்கித் தன் வீட்டைக் கோட்டைவிட்ட அரசரின் பெயரால் இதைச் ‘சாலமன் முரண்’ என்று அழைத்தனர். தம்மையே படர்க்கையில், ஒரு வெளியாளாக வைத்து யோசிக்கச் சொன்னபோது அந்த வேறுபாடு மறைந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் அடுத்தவர் வழக்கை அரைமணியில் தீர்த்துவைக்கும் பெரியவர் தம் மகனோடு பத்தாண்டுகள் பேசாமல் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

மற்றொரு வழி, விடைக்குக் காத்திராமல் நாளை ஒழுங்குபடுத்துவது. வாழ்வின் பொருள் என்பது ஒற்றை உணர்வு அன்று. உலகம் ஒத்திசைவுடன் புரிகிறது என்ற உணர்வு, ஒரு நோக்கை நாடிச் செல்கிறோம் என்ற உணர்வு, தம் வாழ்வுக்கு மதிப்பு உண்டு என்ற உணர்வு ஆகிய மூன்றின் கலவை என்று ஃபிராங்க் மார்ட்டெலாவும் மைக்கேல் ஸ்டெகரும் 2016-ல் வகுத்துக் காட்டினர். நெருக்கடியில் இருப்பவர் இரண்டாவதாகிய நோக்கத்தையே துரத்துகிறார், ஆனால் கைக்கு எளிதில் எட்டுவது முதலாவது. சமந்தா ஹைன்ட்ஸல்மனும் லாரா கிங்கும் நடத்திய ஒரு சோதனையில், மரங்களின் படங்களைப் பருவங்களின் வரிசையில் பார்த்தவர்கள், அதே படங்களைத் தாறுமாறாகப் பார்த்தவர்களைவிடத் தம் வாழ்வைச் சற்று அதிகப் பொருளுடையதாக மதிப்பிட்டனர். இத்தனை சிறிய ஒழுங்கே பொருளுணர்வை நகர்த்துமானால், விடியலில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவது, குறித்த நேரத்தில் நடப்பது, வாரம் ஒருமுறை ஒருவருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது போன்ற வழக்கங்களை அற்பமானவை என்று ஒதுக்க முடியாது. சோர்வு நீங்கியபின் செயல்படலாம் என்று காத்திராமல், செயலைத் தொடங்கிச் சோர்வைக் குறைக்கும் ‘செயல்தூண்டல்’ சிகிச்சையும் இதே தடத்தில் செல்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு இதைச் சில அமர்வுகளிலேயே அளித்துக் கடும் மனச்சோர்வு குறைவதைக் காட்டி, 2017-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர்.

இனி முடிவெடுத்தல். நெருக்கடியில் எடுக்கப்படும் முடிவுகளைக் கெடுப்பவற்றுள் முதன்மையானது, போட்ட முதலை நினைத்து மேலும் முதல் போடும் மனப்போக்கு. பொருளியலில் இதற்கு ‘மூழ்கிய செலவு’ மாயை என்று பெயர். ஆயிரம் அடி தாண்டியும் ஈரம் காணாத ஆழ்துளைக் கிணற்றில், இத்தனை அடி போட்டாயிற்றே, இன்னும் நூறடி போட்டால் தண்ணீர் வந்துவிடும் என்று ரிக் வண்டியை நிறுத்தாமல் கடன் வாங்கும் விவசாயியின் கணக்கு இது. நான்காண்டுப் படிப்பை வீணாக்கக் கூடாதே என்பதற்காகப் பிடிக்காத தொழிலில் முப்பதாண்டுகளைப் போடும் பொறியாளரின் கணக்கும் இதுவே. செலவழிந்த ஆண்டுகள் எந்த முடிவை எடுத்தாலும் திரும்பப் போவதில்லை. ஆகவே அவற்றை இரு தட்டிலும் வைக்காமல், எதிரே இருக்கும் ஆண்டுகளை மட்டும் நிறுத்துப் பார்ப்பதே சரியான முறை.

இரண்டாவது கேடு, ஆகச் சிறந்ததையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பிடிவாதம். எல்லா வழிகளையும் ஒப்பிட்டு உச்சத்தைத் தேடுவது மனித மூளைக்கு இயலாத வேலை என்றும், போதுமானது என்று ஒரு கோட்டை வகுத்துக்கொண்டு அதைத் தாண்டும் முதல் வழியை ஏற்பதே நடைமுறை அறிவு என்றும் ஹெர்பர்ட் சைமன் 1950-களிலேயே விளக்கினார். 2006-ல் ஷீனா ஐயங்கார், ரேச்சல் வெல்ஸ், பாரி ஷ்வார்ட்ஸ் ஆகியோர், வேலை தேடும் பட்டதாரிகளைப் பின்தொடர்ந்தபோது, ஆகச் சிறந்ததைத் தேடும் இயல்பினர் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல் சம்பளம் பெற்றனர், ஆனால் போதுமானதை ஏற்றவர்களைவிடக் குறைந்த மனநிறைவுடன் இருந்தனர். கல்லூரிகள் வேலைவாய்ப்புப் பலகைகளில் எழுதிவைக்கும் சம்பள எண்கள் பாதிக் கதையை மட்டுமே சொல்கின்றன.

வழிகள் ஏறக்குறைய சமமாக இருந்து, எவ்வளவு யோசித்தும் தராசு சாயாதபோது என்ன செய்வது? கொங்கு நாட்டில் இதற்கு நெடுங்காலமாக ஒரு நடைமுறை இருக்கிறது. குலதெய்வக் கோவிலில் வெள்ளைப்பூவையும் சிவப்புப்பூவையும் தனித்தனியாகப் பொதிந்து சாமி முன் வைத்து, ஒன்றை எடுக்கச் செய்து, வந்த பூவைக் கொண்டு பெண் பார்ப்பதா, கிணறு வெட்டுவதா, நிலம் வாங்குவதா என்று தீர்மானிக்கும் பூக்கேட்டல் இன்றும் வழக்கில் உள்ளது. காங்கேயம் அருகே சிவன்மலைக் கோவிலில், பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளை உத்தரவுப் பெட்டியில் வைக்கலாமா என்பதும் பூக்கேட்டே முடிவு செய்யப்படுகிறது. இதை மூடநம்பிக்கை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அமெரிக்கப் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் இணையத்தில் நடத்திய ஆய்வு, இதன் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. வேலையை விடுவதா, உறவை முறிப்பதா போன்ற கேள்விகளில் முடிவெடுக்க முடியாமல் திணறியவர்கள் கணினி சுண்டும் நாணயத்திடம் விடை கேட்டனர். 20,000-க்கும் மேற்பட்ட முறை நாணயம் சுண்டப்பட்டது. மாற்றம் செய் என்று நாணயம் சொன்னவர்கள் மாற்றத்தை மேற்கொள்வது கூடியது. பெரிய முடிவுகளில், ஆறு மாதம் கழித்து, மாற்றத்தை மேற்கொண்டவர்கள் பழைய நிலையில் தொடர்ந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தனர். நாணயம் சுண்டும் அளவுக்குத் தத்தளித்தவர்களையே இந்த முடிவு குறிக்கிறது, எல்லோரையும் அன்று. தாமாகவே வந்து பங்கேற்றவர்கள் என்ற குறையும் இதற்கு உண்டு. இருப்பினும், இழப்பை ஆதாயத்தைவிடப் பெரிதாக எடைபோடும் மனித மனம், தத்தளிக்கும் வேளையில் தேவைக்கு மேல் பழைய இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இது வலுவான சான்று. பூவும் நாணயமும் எதிர்காலத்தை அறிந்து சொல்வதில்லை, தத்தளிப்பை நிறுத்துகின்றன. வந்த பூவைப் பார்த்தவுடன் உள்ளம் நிம்மதியடைந்ததா, சுருங்கியதா என்பதும் ஒரு தகவலே.

ஆனால் எல்லா முடிவுகளையும் பூவிடம் விடலாகாது. மாற்றத் தக்க முடிவுகளையும் மாற்ற முடியாதவற்றையும் பிரித்துப் பார்ப்பது இங்கே இன்றியமையாதது. துறை மாறுவது, ஓராண்டு வேறு ஊரில் வேலை பார்ப்பது, மாலை நேரத்தில் ஒரு கைத்தொழிலைக் கற்பது ஆகியவை திரும்பி வர இடமளிப்பவை. குடும்ப நிலத்தை விற்பது, நெருக்கடியிலிருந்து தப்புவதற்காக மணம் செய்வது ஆகியவை அப்படியல்ல. முன்னவற்றை விரைவில் செய்து பார்க்கலாம், பின்னவற்றைக் கலக்கம் தணியும்வரை ஒத்திவைக்கலாம். இதற்கு மற்றொரு காரணமும் உண்டு: 18 முதல் 68 வயது வரையிலான 19,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வில், எல்லா வயதினரும் கடந்த பத்தாண்டுகளில் தாம் பெரிதும் மாறியிருப்பதை ஒப்புக்கொண்டனர், அடுத்த பத்தாண்டுகளில் மட்டும் அவ்வளவாக மாறமாட்டோம் என்று நம்பினர் என்று க்வாட்பாக், கில்பர்ட், வில்சன் ஆகியோர் 2013-ல் தெரிவித்தனர். இன்றைய விருப்பத்தை நிலையானதாகக் கருதி நாற்பதாண்டு ஒப்பந்தம் போடுவது அதனால் ஆபத்தானது. அதே கில்பர்ட், ஜேன் எபர்ட்டுடன் நடத்திய முந்தைய சோதனை ஒன்று இதை நேர் எதிர்த்திசையில் திருத்துகிறது: தாம் எடுத்த புகைப்படங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னபோது, பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி பெற்ற மாணவர்கள், அந்த வசதி இல்லாதவர்களைவிடத் தம் படத்தைக் குறைவாகவே விரும்பினர். தேடும் கட்டத்தில் கதவுகள் திறந்திருக்க வேண்டும். தேர்ந்தபின்னும் அவற்றைத் திறந்தே வைத்து நாள்தோறும் எட்டிப் பார்ப்பவருக்கு நிறைவு வருவதில்லை. வில்லியம் ஜேம்ஸ் வைத்த கெடு இந்த இரண்டையும் ஒருசேரச் செய்தது: அடுத்த ஆண்டு வரை மறுபரிசீலனை இல்லை, அதன் பின் உண்டு.

இவையெல்லாம் பொருந்துவது, நெருக்கடி நெருக்கடியாகவே இருக்கும்வரைதான். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் குலைந்து, முன்பு விரும்பியவற்றில் எதிலும் நாட்டமில்லாமல், சாவைப் பற்றிய எண்ணம் வரத் தொடங்கினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அந்நிலையில் தத்துவமும் முடிவெடுக்கும் முறைகளும் பயன்தரா, மருத்துவம் தேவை. ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மனஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஒத்திவைப்புக் காலம் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஈ.வெ. இராமசாமி காசிக்குப் போக முடிந்தது, அவர் ஆண் என்பதாலும், திரும்பி வந்தால் அமர்வதற்கு ஒரு மண்டி இருந்ததாலும். நாகம்மைக்கு அத்தகைய பயணம் அளிக்கப்படவில்லை. அவர் தம் பொதுவாழ்வை 1921-ன் கள்ளுக்கடை மறியலிலும் பின்னர் வைக்கத்திலும் செயலின் நடுவிலேயே அமைத்துக்கொண்டார். இன்றும் பெருந்துறை வட்டாரத்தில் படிப்பு முடித்த மகன் ஓராண்டு யோசிக்க நேரம் கேட்டால் முணுமுணுப்புடனாவது கிடைக்கும், மகள் கேட்டால் ஜாதகம் வெளியே எடுக்கப்படும். விசைத்தறித் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த ஓராண்டின் உணவுச் செலவே தடை.

வெங்கடப்ப நாயக்கர் உளவியல் படித்தவர் அல்லர். ஓடிப்போன மகனைத் தேடிச் சென்று அழைத்துவந்து, பொறுப்பையும் அவர் கையில் கொடுத்தார். பெற்றோர் செய்யத்தக்கது இன்றும் பெரும்பாலும் இவ்வளவே: தேடுவதற்குக் கெடுவுடன் கூடிய ஒரு காலம், அந்தக் காலத்தில் கைக்கு ஒரு வேலை, திரும்பி வந்தால் வீட்டில் இடம். கல்லூரிகள் தம் பங்குக்கு, முதலாண்டு முடிந்தவுடன் துறை மாற விரும்பும் மாணவருக்கு எளிய வழியையும், ஓராண்டு இடைநின்று திரும்புவோருக்குக் கேள்வி கேட்காமல் இருக்கையையும் அளிக்கலாம். மகனையோ மகளையோ பற்றி உறவினர் விசாரிக்கும்போது ‘சும்மா இருக்கு’ என்று சொல்வதைப் பெற்றோர் அந்த ஓராண்டுக்கு நிறுத்தி வைக்க வேண்டும்.